எழுதி வைக்காத வழி

எனக்குச் சோறு போடும் கணினி மொழியில் புதிதாக ஒரு சொல்லைச் சேர்க்கலாமா கூடாதா என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் எங்கள் சித்தப்பா தன் வயலை விற்றார். இரண்டு விவகாரத்திலும் நான் இருந்தேன். இரண்டிலும் என் பேச்சு எடுபடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதோ நடந்து எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து ஸ்கூட்டரில் போய் வரும் தூரம். நான் வேலை பார்க்கும் கம்பெனி வாடகை கட்டி மாளாமல் அலுவலகத்தையே மூடிவிட்டு, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொன்னபோது, சென்னையைக் காலி செய்துவிட்டு அப்பாவிடம் வந்து சேர்ந்தேன். அம்மா போன பிறகு அப்பா தயிரும் ஊறுகாயுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பது ஒரு வேலை என்று அவருக்குப் படவே கொஞ்ச காலம் பிடித்தது.

அந்தச் சண்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிரலை, அதாவது கணினிக்கான புரோகிராமை, எழுதும்போது, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மதிப்பையும் யார் தொடலாம் என்று நாங்கள் குறித்து வைப்போம். பப்ளிக் என்று போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பிரைவேட் என்று போட்டால் வெளியாட்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. எல்லோரும் பாருங்கள், ஆனால் கை வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு எங்கள் மொழியில் சொல் கிடையாது. அப்படிச் சொல்ல விரும்புகிறவர்கள் மதிப்பின் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு போட்டு வைப்பார்கள். கோட்டைப் பார்த்தால் மாற்றக் கூடாது என்பது மரியாதை. மொழி தடுக்காது, மரியாதைதான் தடுக்க வேண்டும்.

எனக்கு அந்த மரியாதையின் லட்சணம் நன்றாகவே தெரியும். தேதிகளைக் கணக்கிட உதவும் ஒரு நிரல் தொகுப்பை நான் எழுதி, பல வருடங்களாக இலவசமாகக் கொடுத்துவருகிறேன். அதில் ஒரு மதிப்புக்கு முன்னால் கோடு போட்டிருந்தேன். எங்கேயோ ஒரு கம்பெனியில் எவரோ அவசரத்துக்கு அந்த மதிப்பை வெளியிலிருந்து மாற்றிவிட்டார். அவர்கள் ஊழியர்களின் விடுமுறைத் தேதியெல்லாம் இடம் மாறிப் போனது. திட்டு எனக்கு வந்தது. கோடு போட்டிருக்கிறேனே என்று பதில் எழுதினேன். கோடு போட்டால் போதுமா, பூட்ட வேண்டாமா என்று கேட்டார்கள். பிரைவேட் என்று போட்டுப் பூட்டலாம்தான். பூட்டினால் அதை ஒழுங்காகப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கும் அத்தனை பேருடைய நிரல்களும் மறுநாளே நின்றுவிடும். அவர்களும் என்னைத்தான் திட்டுவார்கள்.

அதனால்தான், பார்ப்பது எல்லோருக்கும், மாற்றுவது உள்ளே இருப்பவருக்கு மட்டும் என்று குறிக்க ஒரு புதிய சொல் வேண்டும் என வெளிநாட்டுக்காரர் ஒருவர் முன்மொழிவு எழுதியபோது நான் துள்ளிக் குதித்தேன். அந்த மொழியை வளர்க்கிறவர்கள் பேசிக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்று இருக்கிறது. அதில் யாரும் சேரலாம், யாரும் பேசலாம். சேர்ந்தேன்.

இனி வயலுக்கு வருகிறேன்.

எங்களுடையது உள் வயல். ரோட்டை ஒட்டி இருக்கும் முன் வயல் சித்தப்பாவுடையது, அதைத் தாண்டினால் எங்களுடையது. மற்ற மூன்று பக்கமும் வாய்க்காலும் அடுத்தவர் கொல்லையும் மூங்கில் புதரும்தான். டிராக்டர் இறங்க வேண்டுமென்றாலும் அறுப்பு மெஷின் இறங்க வேண்டுமென்றாலும் சித்தப்பாவின் வயல் வழியாகத்தான் வர வேண்டும். ஆள் வரப்பில் நடந்து போகலாம், நாற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போகலாம். மெஷின் வரப்பில் நடக்காது. முன் வயலில் பயிர் நிற்கும்வரை உள் வயல் அறுப்பும் நிற்கும். கை அறுப்புக்கு ஆள் கிடைத்த காலத்தில் இது பெரிய விஷயமில்லை. இப்போது ஆள் கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு நடைமுறை இருந்தது. விதை விடுவதற்கு முன்னால் சித்தப்பா வீட்டுக்கு வந்து, "அண்ணே, இந்தத் தடவ என்னா ரகம்?" என்று கேட்பார். அப்பா போடும் ரகத்தையே அவரும் போடுவார், இரண்டும் ஒன்றாகப் பழுக்கும். அறுப்பன்று தன் வயலை அறுத்து முடித்ததும் மெஷின்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரே வந்து நிற்பார். "அண்ணே, மெஷினு நிக்கிது. உள்ள வுட்டுக்குங்க." அப்பா போய் நடு வரப்பை வெட்டி மெஷினை இறக்குவார். மறுநாள் சித்தப்பா வயல் பக்கம் வருவதற்குள் வெட்டிய வரப்பை மண்போட்டு, மிதித்து, சேறு பூசிப் பழையபடி ஆக்கிவிடுவார். உள் வயல்காரர் வழி கேட்கக் கூடாது. முன் வயல்காரர் அவரைக் கேட்கும் நிலைக்கு விடக் கூடாது. இரண்டு பேரும் அதில் ஒரு தடவையும் தவறியதில்லை.

பாகப்பிரிவினை எழுதிய அன்று பத்திர எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு, உள் வயலுக்கு வழி பாத்தியம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். அண்ணன் தம்பிக்குள் வழிக்கு எழுத்தா என்று. அப்பா இதைப் பெருமையாகத்தான் சொல்வார். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பிக்கு ரோட்டோரம் இருக்கட்டும் என்று உள் வயலை எடுத்துக்கொண்டவரும் அப்பாதான்.

மார்கழியில், கதிர் தலைசாயத் தொடங்கியிருந்த நேரத்தில், சித்தப்பா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். முட்டி வலியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார்கள் என்பதை, எங்களுக்குத் தெரியாததுபோல மறுபடியும் சொன்னார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அறுப்பு முடிஞ்சோன்ன குடுத்தரலாம்னு இருக்கேண்ணே. இனிமே யாரு பாக்குறது? சீர்காழிப் பக்கத்துக்காரரு ஒருத்தரு வந்து பாத்துட்டுப் போனாரு. துபாய்ல இருந்துட்டு வந்தவரு. நல்ல மனுஷன்தான்."

அப்பா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "நல்லதுதான் தம்பி. ஒன் ஒடம்புதான் முக்கியம்" என்றார். சித்தப்பா டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வழியைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அவர் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன். "அப்பா, அவரு வித்துட்டா நமக்கு வழி ஏதுப்பா? பத்திரத்துல ஒரு வரி எழுதச் சொல்லுங்க. உள் வயலுக்கு வழி உண்டுன்னு. ஒரு வரிதான்."

"எப்புடிம்மா கேக்குறது? இத்தன வருஷமா அவனா வந்து கூப்புட்டு வழி வுட்டவன். அவன்கிட்டப் போயி எழுதிக் குடுன்னு கேட்டா, நீ என்னைக்கு இருந்தாலும் மறிப்பன்னு மனசுல வச்சிக்கிட்டே இருந்தேன்னு ஆவாதா?"

"சித்தப்பா மறிக்க மாட்டாருப்பா. வாங்கறவரு?"

"அதையும் அவன்கிட்டதான கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாங்குகிறவர் தென்னை வைக்கலாம். வேலி போடலாம். பிளாட் போட்டு விற்கலாம். இதில் எது நடந்தாலும் எங்கள் வயல் அப்பாவுக்கு வரப்பில் நின்று பார்ப்பதற்கு மட்டும்தான். அவருக்கு வேறு நிலம் இல்லை. அந்த வயலில் இறங்காத ஒரு வருடத்தை அவர் எப்படிக் கழிப்பார் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவருக்குப் போன் போட்டேன். கோர்ட்டுக்குப் போனால் வழி கிடைத்துவிடும் என்றார். எப்போது என்று கேட்டேன். சிரித்தார்.

இந்த எரிச்சலோடு மறுநாள் கணினியைத் திறந்தால், குழுவில் ஒரு பெரியவரின் கடிதம். அந்த மொழி தொடங்கிய காலத்திலிருந்து இருப்பவர், நாங்கள் எல்லோரும் மரியாதை வைத்திருப்பவர். முன்மொழிவுக்கு எதிராக எழுதியிருந்தார். நாம் எல்லோரும் வளர்ந்த மனிதர்கள், கோட்டைப் பார்த்தால் கை வைக்கக் கூடாது என்று நமக்குத் தெரியும், இத்தனை காலம் நன்றாகத்தானே நடக்கிறது, இப்போது போய்ப் பூட்டு மாட்டினால் நாம் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்று மொழியே சொல்வதாகிவிடும், என்று. நான் மேசையை ஓங்கித் தட்டினேன். அப்பா பேசியதையே யாரோ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது போலிருந்தது.

அந்தச் சூட்டில்தான் எங்கள் வயலைப் பற்றி எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் வயல் எப்படி இருக்கும், முன் வயல் என்றால் என்ன, உள் வயல் என்றால் என்ன, வழி எப்படி மரியாதையில் மட்டும் நிற்கிறது, முன் வயல்காரர் மாறினால் அந்த மரியாதை என்ன ஆகும் என்று நீளமாக எழுதி, எழுதி வைக்காத எதுவும் ஆள் மாறும்வரைதான் நிற்கும் என்று முடித்திருந்தேன். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது ரொம்பப் பிரமாதமாக எழுதிவிட்டதாக நினைப்பு.

மறுநாள் பதில்கள் குவிந்திருந்தன. புதிய சொல்லைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எல்லோரும் எங்கள் வயலைப் பற்றி எழுதியிருந்தார்கள். மெஷினைக் கிரேனில் தூக்கி உள்ளே இறக்க முடியாதா என்று ஒருவர் கேட்டார். சித்தப்பாவின் வயலை நீங்களே வாங்கிவிடுங்களேன் என்று ஒருவர், நாங்கள் ஏதோ இத்தனை நாள் அதை யோசிக்காமல் இருந்ததுபோல. நெல்லை விட்டுவிட்டுக் கையால் பறிக்கிற பயிராகப் போடலாமே என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு புண்ணியவான் எங்கள் வயலைப் படமே வரைந்து அனுப்பியிருந்தார். அதில் வாய்க்கால் ரோட்டின்மேல் ஓடியது. அதைத் திருத்தி நான் பதில் எழுதினேன். அந்த முட்டாள்தனத்துக்கு அரை நாள் போனது.

வயல் ஓய்ந்த பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. புதிய சொல் வேண்டுமா என்பதை விட்டுவிட்டு, வந்தால் அதைப் பெயருக்கு முன்னால் எழுதுவதா பின்னால் எழுதுவதா, அடைப்புக்குறி வேண்டுமா வேண்டாமா என்று பேசத் தொடங்கினார்கள். ஒரு வாரம் அடைப்புக்குறியிலேயே போனது. பெண் பார்க்கப் போனவர்கள் பெண்ணைப் பற்றிப் பேசாமல் பந்தியில் எந்தப் பாயசம் என்று சண்டை போடுவதுபோல இருந்தது. நானும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு அடைப்புக்குறிக்காகச் சண்டை போட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு இதில் ருசி பிடித்துவிட்டது. காலையில் நான் டீயைக் கொண்டுவந்து வைத்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு என்னா சொல்றாரு ஒங்க பெரியவரு?" என்பதுதான். நான் தமிழில் சொல்வேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு, "வெவரமான ஆளும்மா அவரு" என்பார். ஒருநாள் பொறுக்காமல், "நீங்க எந்தக் கட்சிப்பா?" என்று கேட்டேன்.

"அவரு சொல்றதுல என்னா தப்பு? நாலு பேரு சேந்து வேல செய்யிற எடத்துல பூட்டு எதுக்கு?"

"உள்ள பூந்து மாத்திடறானேப்பா. திட்டு எனக்குல்ல விழுது?"

"மாத்துனவன் வெக்கப்படணும். அதுக்காவ மத்தவன் மூஞ்சில பூட்டக் காட்டுவியா?"

வீட்டிலும் எனக்கு ஓட்டு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

தையில் அறுப்பு. வழக்கம்போலச் சித்தப்பாவே வாசலில் வந்து நின்றார். "அண்ணே, மெஷினு நிக்கிது. உள்ள வுட்டுக்குங்க." குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், அவரிடமும் மாற்றமில்லை. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் டீயை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அப்பா வெட்டிய வரப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் சில வாரத்தில் முன்பின் தெரியாத ஒருவருடையதாகப் போகிற வயலின் வரப்புக்கு, உள்ளங்கையால் சேற்றைத் தடவித் தடவி மெழுகிக்கொண்டிருந்தார். அந்தச் சேற்றைக் காலால் எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அன்றைக்குத்தான் பெரியவர் எனக்கென்று ஒரு கேள்வி எழுதியிருந்தார். உங்கள் வயலைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன் என்று தொடங்கியிருந்தார். ஒன்று மட்டும் தெரிய வேண்டும், உங்கள் சித்தப்பா எப்போதாவது வழியை மறித்திருக்கிறாரா என்று கேட்டிருந்தார்.

பொய் சொல்ல முடியாது. இல்லை, ஒருமுறைகூட இல்லை, நேற்றும் அவரேதான் வந்து கூப்பிட்டார் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. அப்படியானால் உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது.

சித்தப்பா வயலை விற்கப் போகிறார் என்று எழுதினேன். அதற்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். அப்படியென்றால் நீங்கள் செய்ய வேண்டியது சித்தப்பாவிடம் உட்கார்ந்து பேசுவது, ஒரு குடும்பத்தின் தயக்கத்துக்காக லட்சக்கணக்கான பேர் எழுதும் மொழியை மாற்ற முடியாது என்று. நான் பதில் அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். அவர் சொன்னதில் தவறு இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சித்தப்பாவிடம் பேசுவதைவிடக் கண்காணாத மனிதர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கடைசியில் ஒன்றும் அனுப்பாமல் மூடி வைத்தேன்.

மாசி பிறந்ததும் ஓட்டெடுப்பு தொடங்கியது. யாரும் பேசலாம் என்று சொன்னேன் அல்லவா, ஓட்டுப் போட யாராலும் முடியாது. அந்த மொழியின் உள் வேலையைச் செய்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. நான் அந்த மொழியை வைத்துப் பிழைக்கிறவள், அதைச் செய்தவள் இல்லை. ஓட்டு விழுவதை மட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். பார்த்தேன். வேலைக்கு நடுவில், சாதம் வடிக்கும்போது, மோட்டார் போடப் போகும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தேன். முதலில் வேண்டும் என்ற பக்கம்தான் வேகமாக ஏறியது. இளைய ஆட்கள் எல்லோரும் அந்தப் பக்கம். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முடியப்போகும் நேரத்தில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனார்கள்.

பாதிக்கு மேல் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அது போதாது. மொழியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. முன்மொழிவு தோற்றது. நல்ல விவாதம், எல்லோருக்கும் நன்றி என்று ஒரு கடிதம் வந்தது. பெரியவர் எனக்குத் தனியாக, அந்த வழி விஷயம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று விரும்புவதாக இரண்டு வரி எழுதியிருந்தார். மனதாரத்தான் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்த வாரமே சித்தப்பா வந்தார். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "அண்ணே, நீங்கதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். நீங்க போட்டாதான் எனக்கு மனசுக்கு நெறவா இருக்கும்" என்றார். என்னைப் பார்த்து, "பாப்பா, அண்ணன ஸ்கூட்டர்லயே அழச்சிட்டு வந்துரு" என்றார்.

இதுதான் கடைசி வாய்ப்பு என்று தெரிந்தது. பெரியவர் சொன்னபடி பேசிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"சித்தப்பா, அந்தப் பத்திரத்துல... நம்ம உள் வயலுக்கு வழி..."

சித்தப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மேலே பேசியிருப்பேன். அடிபட்டவர் போலப் பார்த்தார். "வழியா? அது எங்கம்மா போயிரப் போவுது? வாங்குறவருகிட்ட நான் வாயால சொல்லிட்டேன். ஏம்மா, சித்தப்பா ஒங்கள நட்டாத்துல வுட்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சியா?"

அப்பா சிரித்துக்கொண்டே குறுக்கே விழுந்தார். "அவ கெடக்குறா தம்பி. கம்ப்யூட்டர்ல யாரோடவோ இதயே பேசிக்கிட்டுக் கெடந்தா ரெண்டு மாசமா. அந்த நெனப்புலயே ஒளறுறா." சித்தப்பாவும் சிரித்துவிட்டார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. அவர் போன பிறகு அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "வயசான காலத்துல அவன் மனசு நோவக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த எழுத்தர் கடையில் எல்லோரும் உட்கார்ந்தோம். வாங்குகிறவரும் வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அமைதியான பேச்சு. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியைக் கொடுத்தார். சித்தப்பா பொய் சொல்லவில்லை, நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் கூடவே வந்து, ரோட்டோரத்து நிலத்தைப் போனில் படமெடுத்ததை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான்.

எழுத்தர் பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். நான்கு எல்லை வந்தது. மேற்கே அப்பாவின் பெயர் இருந்தது, இன்னாருடைய நஞ்சைக்குக் கிழக்கு என்று. தன் பெயர் வந்ததும் அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். நான் அடுத்த வரிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா தானாகவே சொல்லி எழுத வைத்திருப்பார் என்று எனக்குள் ஒரு நப்பாசை. எழுத்தர் படித்துக்கொண்டே போனார். மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை, வேறு எவருக்கும் எவ்வித உரிமையும் பாத்தியதையும் கிடையாது, புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. அவர் எனக்கு முந்திக்கொண்டு, "பேனா குடும்மா" என்று கையை நீட்டினார்.

வேறு எவருக்கும் எவ்வித பாத்தியதையும் கிடையாது என்பதற்குச் சாட்சியாக என் அப்பா கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும், கட்டத்துக்குள் அடங்காது. அன்றைக்கு அடங்கிவிட்டது. வாங்கியவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க எப்பவும் போலப் போயிட்டு வாங்கய்யா, அதுக்கென்ன" என்றார். அப்பா நன்றி சொன்னார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தியா பாப்பா என்பதுபோல. நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

உள்ளே போட்டோ, கைரேகை எல்லாம் முடிந்து வெளியே வர மத்தியானமாகிவிட்டது. சித்தப்பா ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். அப்பா பசியில்லை என்றார். நாங்கள் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அப்பா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார்.

"ஏம்மா, ஒங்க ஓட்டு என்னாச்சு?" என்று திடீரென்று கேட்டார். "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுப்பா. தோத்துட்டோம்."

"ஏனாம்?"

"நம்பிக்கையில நல்லாத்தான ஓடிக்கிட்டு இருக்கு, அத எதுக்கு எழுதி வைக்கணும்னுட்டாங்க."

எதிரே நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அது கடந்து போகும்வரை வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அப்பா என் தோளைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"அப்ப அவுங்க எல்லாருக்கும் முன் வயலு போலருக்கு" என்றார்.